பலகையே மூடி

அமெரிக்காவில் பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் போன்ற பாம்புகளை வளர்ப்பவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளும் பெட்டி அடுக்குகளில் மூடியில்லாத வகைக்குத்தான் என் ஓட்டு. பிளாஸ்டிக் பெட்டி மேசை இழுப்பறைபோல உள்ளே போய் நிற்கும். மேல்தட்டுப் பலகையே அதற்கு மூடி. பெட்டி விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே இரண்டொரு மில்லிமீட்டர் இருந்தால் பெட்டி சிக்காமல் வரும். கொஞ்சம் கூடினாலும், பென்சில் பருமனே உள்ள கார்ன் ஸ்நேக் குட்டி இரவோடு இரவாக வெளியேறிவிடும். ஆகையால் இந்த வேலையில் பலகையின் அழகும் விலையும் பிறகுதான்; ஆண்டுக்கணக்கில் அது நேராக நிற்குமா என்பதே முதல் கேள்வி.

நேராக நிற்பதற்குப் பகை ஈரமும் சூடும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். காற்றில் ஈரப்பதமும் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி கவிழும். மெலமைன் பூசிய பார்ட்டிகிள் போர்டு மலிவு, கனம், வழவழப்பு. ஆனால் ரம்பம் பட்ட ஓரத்தை உற்றுப் பாருங்கள்: பூச்சுக்கு நடுவே மரத்தூள் அப்படியே தெரியும். அங்கே தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பும், உப்பியது காய்ந்தாலும் பழையபடி வற்றாது, பெட்டி இறுகிக்கொள்ளும். பிளைவுட் வலுவானது, ஆனால் மட்டரகத் தகடு வளையும், வார்னிஷ் வாசனை அறவே போன பிறகே பாம்பை விட முடியும். பிவிசி ஃபோம் போர்டு தண்ணீர் குடிப்பதே இல்லை, தூக்கவும் லேசு.

பிவிசி தொய்யும், திருகு சரியாகப் பிடிக்காது என்பார்கள். உண்மைதான். கைதேர்ந்தவரின் வேலை அங்கேதான் தெரியும்: பக்கப் பலகைகளில் காடி எடுத்துத் தட்டுகளைச் செருகுவார், முதுகுப்பலகை கொடுப்பார், அகலம் கூடினால் நடுவில் ஒரு தாங்கு வைப்பார். தொய்வை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத் தடுத்துவிடலாம். உப்பிய ஓரத்தைச் சரிசெய்ய வழியில்லை. பாம்புக்கு இயற்கைப் பொருள்தானே நல்லது என்பது இன்னொரு கட்சி. பாம்பு விஷம் எடுக்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானையில், வாயைத் துணியால் கட்டித்தான் வைக்கிறார்கள். அது அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே விஷம் எடுத்தபின் சில வாரங்களில் பாம்பு காட்டுக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கப்போகும் பாம்புக்கு, கழுவித் துடைக்க முடிகிற பரப்பு வேண்டும். இயற்கை மரம் என்றாலே நல்லது என்பதும் இல்லை. செடார் மரத்தின் வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

நாலைந்து தட்டுள்ள சிறிய அடுக்கு போதுமென்றால் மெலமைனே வாங்கலாம், வெட்டிய ஓரங்களையெல்லாம் சிலிக்கானோ எட்ஜ் பேண்டோ கொண்டு அடைத்துவிடுவதாக இருந்தால். அதற்கு மேல் என்றால் பிவிசிக்குச் செலவழியுங்கள். எந்தப் பலகையானாலும் முதலில் பெட்டிகளை வாங்கி, விளிம்போடு சேர்த்து உயரத்தை அளந்த பிறகே ரம்பத்தை எடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல், பெட்டியைச் சூடாக்கும் வெப்ப நாடாவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.