ஐப்பசி அடைமழைக்கு ராயபுரம்

சென்னைக்கு வர நல்ல மாதம் மார்கழி என்று யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். சபா, கச்சேரி, கேன்டீன் காபி என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் மயிலாப்பூரையே மொய்க்கிறார்கள். மொய்க்கட்டும். என்னைக் கேட்டால் அதற்கு முந்தின ஐப்பசியும் கார்த்திகையும்தான் இந்த நகரத்தின் உச்சம். அதைப் பார்க்க வேண்டிய இடம் ராயபுரம். வெயில் ஓய்ந்து, வானம் கறுத்து, வாடைக் காற்று தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதமும் எனக்கு வீட்டில் கால் தரிப்பதில்லை.

மழையில் போய் நனைவதா என்று முகம் சுளிப்பவர்கள் வெனிஸ் நகரத்தை நினைத்துக்கொள்ளலாம். அங்கேயும் இதே மாதங்களில்தான் கடல் பொங்கி ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. 2019 நவம்பரில் அந்த ஊரின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. அந்தப் பருவத்தில் லட்சக்கணக்கில் செலவழித்துப் போய், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்று படம் பிடித்து வந்தவர்கள் உண்டு. நமக்கு பீச் ஸ்டேஷனிலிருந்து ஒரே ஸ்டாப். ரயிலும் கும்மிடிப்பூண்டி லோக்கல்தான்.

அந்த ஒரு ஸ்டாப்பில் இறங்குவதே ஒரு சுகம். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 அன்று ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. சென்ட்ரல் அப்போது கிடையாது. அது வர இன்னும் பதினேழு ஆண்டு இருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரயில் முன்பே ஓடியிருந்தாலும் அங்கிருந்த முதல் கட்டடங்கள் போய்விட்டன. இந்தியாவில் இன்று நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது நம் ராயபுரம்தான். 2005-இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்த உயரமான தூண்களின் வரிசைக்குக் கீழே நின்று பாருங்கள். கூட்டம் இருக்காது. டீ கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். இத்தனை பெரிய சரித்திரத்துக்கு முன்னால் இத்தனை சின்ன கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

இனி காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இங்கே நான் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் லாஞ்சுகள் கடலுக்குப் போகாது. ஒரு வாரம்கூட எல்லாம் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். வலை பின்னுவதும் இன்ஜின் கழுவுவதும் சீட்டாட்டமுமாகப் பொழுது போகும். அப்புறம் கூண்டு இறங்கியதும் அத்தனை பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அவர்கள் திரும்பி வரும் விடியற்காலை இருக்கிறதே, அதற்குத்தான் போக வேண்டும். இருட்டோடு போய்விடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஐஸ் நொறுங்குகிறது, கூடைகள் தலைக்கு மேல் பறக்கின்றன, ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றுகிறார். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, காணாங்கெளுத்தி, கடம்பா என்று கண்ணுக்கு முன்னால் கடல் கொட்டிக் கிடக்கிறது. நெத்திலியைக் கூறு கட்டி வைத்திருக்கும் அம்மா ஒருவர், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா நைனா, மீனு வாங்க வந்தியா, மீன் கூட பேச வந்தியா?" என்றார். வாங்கினேன். வாங்காமல் அங்கிருந்து யாரால் வர முடியும்? பக்கத்திலேயே அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள் பணத்தை எண்ணுவதற்குள் செதில் சீவி, துண்டு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். பேரம் பேசத் தெரியாதவர்கள் சங்கோஜப்பட வேண்டாம். ஏமாற்றினாலும் சிரித்துக்கொண்டே ஏமாற்றுவார்கள்.

விடிந்ததும் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்து பாருங்கள். மணல் கிடையாது, பாறைகள்தான். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து, கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகச் சுவரில் தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. மெரினாவில் சுண்டல் வாங்கி மணலில் காலாற நடக்கிறவர்கள் வடசென்னைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பது நியாயம். பழி வாங்கவோ என்னவோ, 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அந்தத் துறைமுகச் சுவர்களையே உடைத்துப்போட்டது. இன்றைக்கும் கார்த்திகை மாதத்தில் அலை பாறையில் மோதி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிச் சிதறும். சட்டை நனையும், மூக்குக் கண்ணாடியில் உப்பு படியும். காசு கொடுத்தாலும் மெரினாவில் இந்தக் காட்சி கிடைக்காது. பாறை மேல் மட்டும் ஏறாதீர்கள்.

நவம்பர் 2 அன்று வந்தால் இன்னொரு ராயபுரத்தைப் பார்ப்பீர்கள். அன்று கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறையில் குடும்பம் குடும்பமாக வந்து சமாதிகளைக் கழுவி, சாமந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இத்தாலியிலும் அன்றைக்குக் கல்லறைக்குப் போவது சாமந்தியோடுதான். மழை தூறினால் இங்கே குடை பிடிப்பது தலைக்கு அல்ல, மெழுகுவத்திக்கு. ஊருக்குப் பெயர் தந்த ராயப்பர் (புனித பேதுரு) கோயில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிகள் தங்கள் சம்பாத்தியத்தில் எழுப்பியது. அந்தக் கோயிலை ஒட்டிய மாதா கோயில் தெருவிலேயே பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது. 1910-இல் கிளப்வாலா குடும்பத்தார் கட்டியது. நகரத்தில் பார்சிகளுக்கு இது ஒன்றுதான். மற்றவர்கள் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளி நெருங்கும்போது எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி போதும்: தி.நகர் விலை உங்களுக்குக் கசக்கத் தொடங்கிவிடும். அங்கிருந்து ராபின்சன் பூங்கா தூரமில்லை. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் அங்கே கொட்டும் மழையில் நடந்தது. மழைக்கும் இந்த வட்டாரத்துக்கும் அப்படி ஒரு பழைய உறவு.

பசிக்கிறதா? மழைக்கு அத்தோதான். 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் நமக்குத் தந்த சீதனம் அது. நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். கையுறை எங்கே என்று கேட்கிறவர்கள் பட்டினி கிடக்கலாம். கூடவே கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப். தள்ளுவண்டியின் பிளாஸ்டிக் கூரையில் மழை பெய்ய, அதை ஊதி ஊதிக் குடிக்கும்போது எனக்கு எந்த நட்சத்திர ஓட்டலும் நினைவுக்கு வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே திருவொற்றியூர். ராயபுரம் வரை வந்துவிட்டு அங்கே போகாமல் திரும்புவது பாவம். மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் தியாகராஜர் கோயில். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் எடுத்த கருவறை, தூங்கானை மாடமாக வளைந்து நிற்கிறது. மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்துச் சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். தியாகராஜ சுவாமிகள் இங்கே வந்து அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். மயிலாப்பூர் சபாவில் அவற்றைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேர் வடிவுடையம்மனை நேரில் பார்த்திருப்பார்கள்?

மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைத் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் தெருவரை வரிசை நிற்கும். நானும் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி எண்ணூரிலிருந்து வந்திருந்தார். ஈரப் புடவையோடு நின்றுகொண்டே பட்டினத்தார் கதையை, கைப்புக் கரும்பு இனித்தது வரை, வரிசைக்கே சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே நெருங்க நெருங்கத் தைல வாசனை. சந்நிதியில் நின்ற நேரம் கொஞ்சம்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதைவிட நன்றாக எழுத எனக்கு வராது.

குறை இல்லையா? நிறைய. கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். வாய்க்கால் பொங்கினால் மூக்கைப் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் பாழானதை மறக்க முடியாது. ஆனால் சினிமாக்காரர்கள் கத்தியும் ரத்தமுமாகக் காட்டுகிற வடசென்னை எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்கள்தான் எனக்கு வாய்த்தார்கள்.

குடை எடுத்து வராதீர்கள், கடற்காற்றில் நிற்காது. மழைக்கோட்டும் செருப்பும் போதும். காலண்டரில் கார்த்திகைப் பௌர்ணமியைக் குறித்துக்கொண்டு இந்த வருஷமே கிளம்புங்கள். மூன்றாம் நாள் இரவு கவசம் சாத்திவிட்டால் அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.