ஓடும்போதே பார்க்கும் பதம்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பதம் பார்ப்பதில்லை. பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரல்நுனியில் உருட்டிப் பார்ப்பார்கள். இறக்கி ஆறவைத்த பிறகு தெரிவது வேறு பதம். ஒரு பழைய போர்ஷே 911-க்கு ஆயில் அளவு பார்ப்பதை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கவனித்தபோது எனக்கு அம்மாவின் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

கார் 1987-ஆம் வருஷத்து கரேரா 3.2. அது பிறந்த சுஃபன்ஹௌசன் ஆலையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத, ஷ்டுட்கார்ட்டின் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறார் அதன் சொந்தக்காரரான என் நண்பர். வாங்கிய முதல் வாரம், நம் வீட்டுக் கார்களுக்குச் செய்வதுபோலக் காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்திருக்கிறார். ஸ்டிக்கில் ஈரமே இல்லை. பதறிப்போய் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டார். அன்று மாலை காருக்குப் பின்னால் தெருவே தெரியாத அளவுக்கு நீலப் புகை.

தப்பு எங்கே என்பது அந்த இன்ஜினின் அமைப்பைப் பார்த்தால் புரியும். சாதாரணக் காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியிலுள்ள சம்ப்பில் தேங்கி நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மேலே போன ஆயில் இறங்கி வரச் சில நிமிஷம் பொறுத்தால் போதும், ஸ்டிக் உண்மையைச் சொல்லிவிடும். வேகமாக வளைவுகளில் பாயவே கட்டிய காருக்கு இந்த ஏற்பாடு ஆகாது. திரும்பும்போது ஆயில் மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய்க்கு ஆயில் கிடைக்காமல் காற்று கிடைக்கும். அந்தச் சில நொடியிலேயே பேரிங் தேய்ந்து நாசமாகிவிடலாம். அதனால் 1964-இல் உற்பத்திக்கு வந்த முதல் 911-இலிருந்தே டிரை சம்ப். வலது பின்சக்கரத்தின் அருகே தனியாக ஓர் ஆயில் டாங்க். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை அழுத்தத்தோடு இன்ஜினுக்கு அனுப்பும். இன்னொரு பம்ப், கீழே வடிந்ததை உடனுக்குடன் வாரி டாங்க்குக்கே திருப்பும். வாரும் பம்ப்தான் இரண்டில் பெரியது, ஏனென்றால் ஆயிலோடு காற்றையும் சேர்த்து அள்ள வேண்டியது அதன் வேலை.

இன்ஜினை அணைத்தால் வாருவது நின்றுபோகும். டாங்க்கிலுள்ள ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து இரவெல்லாம் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். மறுநாள் காலையில் காரில் ஆயில் குறையாமல் இருக்கும், டாங்க்கில் மட்டும் இருக்காது. ஸ்டிக்கோ டாங்க்கின் வாய்க்குள் இருக்கிறது. என் நண்பர் ஊற்றிய இரண்டு லிட்டர், இன்ஜின் ஓடியதும் டாங்க்கை வழியவைத்து, மூச்சுக்குழாய் வழியே காற்று உள்ளிழுக்கும் பாதைக்குள் போய், அங்கிருந்து எரிந்து புகையாகியது.

இப்போது அவர் செய்யும் முறையைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது அதிலுள்ள நிதானம்.

முதலில் ஒரு நல்ல ஓட்டம். கண்ணுக்கு நேரே உள்ள ஐந்து வட்டங்களில் இடமிருந்து இரண்டாவதில் ஆயில் வெப்பமும் அழுத்தமும் தெரியும். வெப்ப முள் 80 டிகிரியைத் தாண்டி நிலைக்கும்வரை அவர் திரும்ப மாட்டார். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து இறங்கி, வலப்பக்கக் கதவுக்கு அடியில் குனிந்து கையை நீட்டுவார். அந்த விளிம்பை ஒட்டித்தான் முன்புற ஆயில் கூலருக்குப் போகும் குழாய்கள் ஓடுகின்றன. அவை சுட்டால் தெர்மோஸ்டாட் திறந்து, ஆயில் காரின் நீளம் முழுவதும் போய்வருகிறது என்று அர்த்தம். "அண்ணே, தொட்டுப் பாருங்க, ஆனா அழுத்திப் பிடிச்சிடாதீங்க" என்றார். விரலை வைத்ததும் எடுத்துவிட்டேன். சரியான சூடு.

இவ்வளவு சூட்டுக்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். கூலரோடு சேர்த்து இந்தக் காரில் ஏறக்குறைய 13 லிட்டர் ஆயில். குளிரிலிருந்து 90 டிகிரிக்கு வரும்போது அது விரிவதே அரை லிட்டருக்கு மேல். குளிர்ந்த ஆயில் தடித்து, இன்ஜினின் சந்துபொந்துகளில் தங்கிவிடும் என்பது வேறு.

அடுத்தது தளம். டாங்க் ஒரு மூலையில் இருப்பதால் கார் கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு மாறும். முற்றத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து நான்கு சக்கரத்துக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார். கோட்டில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, நுரை அடங்க இரண்டு நிமிஷம் காத்திருந்தார். பிறகு பின்மூடியைத் தூக்கினார். பதினோரு இறக்கைக் காற்றாடியும் பெல்ட்டும் கைக்கெட்டும் தூரத்தில் சுழல்கின்றன. நண்பர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டார். என் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றச் சொன்னார்.

ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். அடுத்த கணம் இன்ஜினின் குரல் தடுமாறியது, இருமல் வந்ததுபோல. எனக்குத் திக்கென்றது, அவர் முகத்தில் மகிழ்ச்சி. டாங்க்கின் மூச்சுக்குழாய் காற்று உள்ளிழுக்கும் பாதையோடு சேர்ந்திருக்கிறது. மூடி திறந்ததும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து ஐடிலிங் குலைகிறது. அப்படிக் குலைந்தால் வேறெங்கும் காற்று கசியவில்லை. மூடியைத் திறந்தும் இன்ஜின் சலனமில்லாமல் ஓடினால்தான் கவலை.

ஸ்டிக்கை உருவித் துடைத்தார். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் பனியன் வேஸ்ட்டால் துடைப்போமே, அதை இவர் தொடவே மாட்டார். ஒரு நூல் உள்ளே போய்விடக் கூடாது. நூல் பிரியாத துணி. மறுபடி முழுசாக இறக்கி, உடனே எடுத்து, மண்டியிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓடும் இன்ஜினில் ஆயில் அலைபாயும், திரும்பி வரும் ஆயில் தெறிக்கும். அதனால் ஈரத்தின் விளிம்பு கோடாக விழாது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். தாழ்ந்த விளிம்பைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். மூன்று தடவை பார்த்தார், மூன்றும் ஒத்துப்போயின: இரண்டு குறிகளுக்கும் நடுவே, நடுவுக்குச் சற்றே கீழே. மேல்குறிவரை நிரப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. நடுவில் நின்றால் போதும், வளைவில் வழியாது என்பார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

டாஷ்போர்டிலும் ஓர் ஆயில் அளவு முள் உண்டு. அதற்கும் இதே நிபந்தனைகள்தான். சாலையில் வேகம் பிடித்தால் அது அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், புதியவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும். 1972-ஆம் ஆண்டு மாடலில் வேறொரு குழப்பம் நடந்தது. பின்பாரத்தைக் கொஞ்சம் முன்னே கொண்டுவர, டாங்க்கைச் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஊற்றும் வாயைக் கதவுக்குப் பின்னால் வெளியிலேயே வைத்தார்கள். பங்க் ஊழியர்கள் அதைப் பெட்ரோல் வாய் என்று நினைத்து அதில் பெட்ரோலை நிரப்பினார்கள். அடுத்த மாடலிலேயே டாங்க் பழைய இடத்துக்குத் திரும்பியது. பொறியியலாகப் பார்த்தால் அந்த ஒரு வருஷத்து யோசனை அழகானது, அதனால்தான் இன்றும் அந்த மூடியுள்ள கார்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிற்காலத்து 911-களில் சென்சார் அளந்து திரையில் கோடு காட்டிவிடுகிறது. வசதிதான். ஆனால் ஆயிலின் நிறமும் வாசனையும் திரையில் வராது. நண்பர் ஸ்டிக்கின் நுனியிலிருந்த சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, பெட்ரோல் வாடை கலந்திருக்கிறதா என்று முகர்ந்தார். பிறகு புனல் வைத்து 20W-50 ஆயிலில் கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாமல் ஊற்றினார். மூடியைத் திருகியதும் இன்ஜின் தொண்டையைச் செருமி பழைய தாளத்துக்கு வந்தது. துணியை மடித்து வைத்தவர், "ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே, மறுபடி பாத்துருவோம்" என்றார்.