பட்டம் பெற்றவர்களும் பெறாதவர்களும்

2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தாலும் வந்தது, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் மாலை நடை போகும் எங்கள் கோஷ்டியில் எல்லோரும் குத்துச்சண்டை விமர்சகர்களாகிவிட்டார்கள். ரெயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், ஆதிகால ஹெவிவெயிட் சாம்பியன்களைத் தராதரப்படி வரிசைப்படுத்தி ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டார். முதல் ஸ்தானம் ஜான் எல். ஸல்லிவனுக்கு. அடுத்து ஜெப்ரீஸ், கார்பெட். ஜாக் ஜான்ஸனுக்கு நாலாவது இடம்.

"1889-ல் கையுறை இல்லாமல் கில்ரெயினோடு 75 ரவுண்டு நின்றவன், ஸார்! இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார்.

75 ரவுண்டு வாஸ்தவம். ஆனால் அந்தச் சண்டையின் விதிப்படி ஒருவன் தரையில் விழுந்தாலே ரவுண்டு முடிந்துவிடும். ஆகவே எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. என்றாலும் ஜூலை மாத வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற தீரம் சாமானியமல்ல.

என் ஆட்சேபணை வேறு. கறுப்பு இனத்தவரோடு மோதமாட்டேன் என்று ஸல்லிவன் பகிரங்கமாகச் சொன்னவர். அப்போது பீட்டர் ஜாக்ஸன் என்று ஒரு கறுப்பு வீரர் இருந்தார்; மேற்கிந்தியத் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் சாம்பியனானவர். 1891-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கார்பெட் அவரோடு 61 ரவுண்டு மோதியும் முடிவு காணாமல் சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் நியூ ஆர்லியன்ஸில் அதே கார்பெட் ஸல்லிவனை 21-வது ரவுண்டில் சாய்த்துவிட்டார். ஸல்லிவன் அதற்குள் உடம்பு பெருத்துத் தளர்ந்திருந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சாய்த்தவரால் சாய்க்க முடியாத ஜாக்ஸன், உலகப் பட்டத்துக்காக ஒரு தடவைகூட மேடை ஏறவில்லையே!

ஜெப்ரீஸ் கதையும் அதுதான். 1899-ல் பட்டம் பெற்று, 1905-ல் தோல்வி காணாமலே ஓய்வு பெற்றார். பட்டம் கையில் இருந்தவரை ஜான்ஸனுக்கு இடம் கொடுக்கவில்லை. 1908-ல் ஸிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜான்ஸன் சாம்பியனான பிறகு, வெள்ளையர் மானத்தைக் காக்க ஜெப்ரீஸைத் திரும்ப இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4-ந் தேதி ரீனோ நகரில் 15-வது ரவுண்டோடு கதை முடிந்தது. அதற்காக அமெரிக்க நகரங்களில் கலவரம் நடந்து கறுப்பர்கள் உயிரிழந்தார்கள்.

நான் காகிதத்தை வாங்கி ஜான்ஸனை முதலிடத்தில் எழுதினேன்.

"அப்படியானால் ஸாம் லாங்ஃபோர்டு?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. உருவத்தில் சிறியவரான லாங்ஃபோர்டை 1906-ல் ஜான்ஸன் 15 ரவுண்டில் புள்ளிக்கணக்கில் வென்றது உண்மை. பிறகு லாங்ஃபோர்டு உடம்பும் அனுபவமும் முற்றி நின்றபோது, சாம்பியன் ஜான்ஸன் அவருக்குச் சந்தர்ப்பமே தரவில்லை. வெள்ளைக்காரர்களோடு மோதினால்தான் வசூல் என்ற நியாயம் இருக்கலாம். தமக்குச் சாத்தப்பட்ட கதவை அவரே இன்னொருவருக்குச் சாத்தினார் என்பதை அது மாற்றிவிடாது.

மல்யுத்தத்தில் நம் காமாவுக்காவது பதில் கிடைத்தது. 1910-ல் லண்டனில் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் குப்புறப் படுத்தே சமாளித்தார். மறு சண்டைக்கு வரவேயில்லை. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது ஒரு நிமிஷத்துக்குள் காமா ஜயித்தார். பதினெட்டு வருஷ விவாதம் அத்தோடு தீர்ந்தது. ஜாக்ஸனுக்கும் லாங்ஃபோர்டுக்கும் அப்படி ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

ஜான்ஸன் முதலிடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அவரைவிட நல்ல ஆட்டக்காரரைக் காட்ட என்னால் முடியாது. ஆனால் காகிதத்தின் ஓரத்தில் அந்த இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன்.

"பட்டமே வாங்காதவனுக்கு வரிசையில் இடமா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். இருந்தாலும் அவற்றை அடிக்காமல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.