உரிமக் கட்டணமும் பாடத்திட்டமும்: இந்தியாவிலும் இலங்கையிலும் இணைய நிரல்மொழிகள்

ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்து, உரிமக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டிய நிரல்மொழியை வணிக நிரல்மொழி என்பர். வலைப்பக்கத்தையும் அதன் பின்னுள்ள தரவுத்தளத்தையும் இணைப்பதற்காக அலெயர் சகோதரர்கள் 1995இல் வெளியிட்ட கோல்ட்ஃபியூஷன் இவ்வகையைச் சேர்ந்தது. 2001இல் மேக்ரோமீடியாவிடமும் 2005இல் அடோபியிடமும் அது கைமாறியது. ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும் பிஎச்பி, ராஸ்மஸ் லெர்டார்ஃபால் அதே 1995இல் வெளியிடப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. ஒரு மொழி அறிந்தோர் பெருகினால்தான் அதற்குச் சந்தை உண்டு என்பதால், வணிக மொழிக்குரிய நிறுவனங்கள் கல்லூரிகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடப்பொருளையும் ஆசிரியர் பயிற்சியையும் உடன் தருவது வழக்கம். ஆயினும் மாணவருக்குக் கிடைப்பது படிக்கும் காலத்திற்கான சலுகையே. அவர் தொழில் தொடங்கும் நாளில் கட்டணம் காத்திருக்கிறது. இச்சலுகையை ஏற்பதா, ஏற்றால் எந்த அளவில் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதில்தான் இந்தியாவும் இலங்கையும் வேறுபடுகின்றன.

இந்தியாவில் முடிவின் திறவுகோல் இணைவுப் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. இணைவு என்பது, தனித்தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஏற்று, தம் மாணவர்களை அதன் பட்டத்திற்கு அனுப்பும் ஏற்பாடாகும். அண்ணா பல்கலைக்கழகத்துடன் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இவ்வாறு இணைந்திருப்பதால், அதன் பாடத்திட்டக் குழு ஒரு வரியை எழுதினால், தன்னாட்சி பெறாத கல்லூரிகள் அனைத்திலும் அதுவே பாடமாகிறது. 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இணைய நிரலாக்கம் என்ற கட்டாயப் பாடம் ஜாவா செர்வ்லெட், ஜேஎஸ்பி, பிஎச்பி ஆகியவற்றைப் பெயர் சொல்லி உள்ளடக்க, மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப்பும் டாட் நெட்டும் விருப்பப் பாடமாக வைக்கப்பட்டன. இது அறிவார்ந்த பிரிப்பு என்றே கொள்ள வேண்டும்; உரிமம் தேவைப்படும் கருவியைக் கற்பது மாணவரின் தெரிவாகவும், அனைவருக்கும் பொதுவானது யாரும் வாங்க வேண்டியிராததாகவும் இருந்தது.

ஆனால் ஒரே கையெழுத்தில் நுழைய முடிவது, அவ்வளவு எளிதில் வெளியேற முடிவதில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சன் நிறுவனத்தின் அலுவலக மென்பொருளான ஸ்டார் ஆஃபிசைப் பல அத்தியாயங்களில் விரிவாகக் கற்பித்தது. சன்னை வாங்கிய ஆரக்கிள் 2011இல் அந்த மென்பொருளைக் கைவிட்ட பின்னரும், 2019இல் புதிய பாடநூல் வரும் வரை, மாணவர்கள் சந்தையில் இல்லாத ஒரு பொருளின் கட்டளைப் பட்டியல்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதினர். ஒரு மொழியோ மென்பொருளோ பாடத்திட்டத்தில் பெயரால் பதிவாகும்போது, அதன் உரிமையாளரின் வணிக முடிவுகளும் சேர்ந்தே பதிவாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மாநில அளவைத் தாண்டிய உடன்பாடுகளும் இந்தியாவில் உண்டு: 2012இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 10,000க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்காக மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையை ஏற்றது. மாநில அளவில், 2022இல் தொடங்கிய தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ திட்டமும் நிறுவனங்களின் பயிற்சிகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது.

இலங்கையில் இத்தகைய ஒற்றை வாயில் பல்கலைக்கழக மட்டத்தில் இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடநெறியைத் தன் மூதவையின் (செனட்டின்) வழியே தீர்மானிக்கிறது. எனவே யாழ்ப்பாணத்தில் ஏற்கப்பட்டது மொறட்டுவையில் ஏற்கப்பட வேண்டியதில்லை. பரந்த தாக்கம் கொண்ட இடங்கள் இரண்டே. ஒன்று, மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கும் கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம். பைதன், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் ஆகிய கட்டற்ற கருவிகள் அதில் இடம்பெற்றதால், தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவரும் ஒரு ரூபாய் உரிமமும் செலுத்தாமல் வீட்டுக் கணினியில் பயிற்சி செய்ய முடிகிறது. மற்றது, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம். வெளிவாரிப் பட்டத்தில் பல்கலைக்கழகம் பாடவிதானத்தை வகுத்துப் பரீட்சையை நடத்துகிறது. கற்பித்தலோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடமும் மாணவரின் சுயகற்றலிடமும் விடப்படுகிறது. ஆய்வுகூடமே கைவசமில்லாத ஒருவரும் பரீட்சைக்கு அமரக்கூடிய இவ்வேற்பாட்டில் வணிக மொழியைக் கட்டாயமாக்குவது நியாயமாகாது. இணையப் பயன்பாட்டுப் பாடத்தில் பிஎச்பி இடம்பெற்றிருப்பது இந்த நியாயத்தோடு பொருந்துகிறது.

வணிக மொழி இலங்கைக்குள் வேறொரு வழியால் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை உள்நாட்டில் வழங்கும் தனியார் நிறுவனங்களில், எந்த மொழி கற்பிக்கப்படும் என்பது பெரும்பாலும் பட்டம் தரும் அந்நாட்டிலேயே தீர்மானிக்கப்படுகிறது. இங்கே உள்ளூர் ஆசிரியருக்குக் குரல் குறைவு. இது அவ்வேற்பாட்டின் உண்மையான பலவீனம்.

இதற்கு நேர்மாறான பலம் ஒன்றையும் இலங்கை காட்டியது. கட்டற்ற மென்பொருளை ஊக்குவிக்கும் லங்கா மென்பொருள் மன்றம் 2003இல் உருவாகியிருந்த சூழலில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவு செய்வதற்காக அந்நாட்டுத் தன்னார்வலர்கள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளைப் பிஎச்பியில் எழுதினர். அது பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கற்ற மொழி கட்டற்றதாக இருந்ததால், உரிமம் கேட்டு யாரும் காத்திருக்க நேரவில்லை. இந்தியாவில் 2005இல் சென்னையில் அமைந்த கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் இத்தகைய பண்பாட்டைப் பாடத்திட்டத்தின் வழியே விதைக்க முயன்றது. முறை வேறு, நோக்கம் ஒன்றே. எனினும் பாடமாகக் கற்பதைவிடத் திட்டத்தில் இணைந்து எழுதிக் கற்பதே ஆழமாகப் பதிகிறது.

வணிகம், கட்டற்றது என்ற எல்லைகூட நிலையானதன்று. டாட் நெட்டின் மையப் பகுதியைத் திறந்த மூலமாக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2014இல் அறிவித்தது; மறுபுறம், கட்டணமின்றிக் கிடைத்துவந்த ஜாவா 8 பதிப்பின் புதுப்பிப்புகளுக்கு, வணிகப் பயன்பாடாயின், ஆரக்கிள் 2019 முதல் சந்தா கேட்கத் தொடங்கியது. ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பாடத்திட்டம் எழுதுவது இரு நாடுகளிலும் ஆபத்தானது. தரவுத்தள இணைப்பு, அமர்வு, படிவச் சரிபார்ப்பு போன்ற கருத்துகள் கட்டாயப் பாடத்தில் நிற்க வேண்டும். வணிக மொழி, மீளாய்வுக் காலம் குறித்த விருப்பப் பாடமாக மட்டும் இருக்க வேண்டும். நிறுவனத்துடன் உடன்பாடு செய்யும் பாடத்திட்டக் குழுக்களும் மூதவைகளும், பட்டம் பெற்ற பின் மாணவர் செலுத்த வேண்டிய கட்டணம் எவ்வளவு என்பதைப் பாடத்திட்டத்துடனேயே அச்சிட்டு வெளியிடட்டும்.