குளிரில் வேலைக்குப் போகிறவர்கள்

மார்கழி பிறந்ததும் எங்கள் தெருமுனையில் மங்கி கேப் தள்ளுவண்டி வந்துவிடும். மெரூன், பாட்டில் பச்சை, பிஸ்கட் நிறம் என்று வரிசையாகத் தொங்கும். விடிகாலை ஐந்தரைக்கு சென்னையில் வெப்பநிலை 20, 21 டிகிரியைவிட அதிகம் இறங்குவதில்லை. அதற்கே காதை மூடிக்கொண்டு பால் வாங்கப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வெட்கப்பட ஒன்றுமில்லை. வருடத்தில் பத்து மாதம் வியர்த்துக் கொட்டுகிற ஊரில் அந்த நாற்பது நாள் ஒரு சலுகை. மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பதில் இருக்கும் சொகுசை வேறு எந்த ஊர்க்காரனுக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

இந்தச் சொகுசிலிருந்துதான் நம் குளிர்கால எழுத்தில் பெரும்பகுதி வருகிறது என்று இப்போது தோன்றுகிறது. இப்படித் தோன்றுவதற்குக் காரணமான ஒரு சங்கடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை மகள் வீட்டில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருந்தேன். திரும்பி வந்ததும் பனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வெண்மை, மௌனம், இலையுதிர்ந்த மேப்பிள் மரங்கள், ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாமல் இறங்கும் பொழிவு என்று எல்லாம் இருந்தது. பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. ஸ்கார்பரோவில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து நண்பருக்கும் அனுப்பியிருந்தேன். நல்ல வாசகர். ரொட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாக இரவு வேலை. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, கட்டுரை வாசிச்சன். குளிர் வடிவாத்தான் வந்திருக்கு. ஆனா அதில ஒருத்தரும் வேலைக்குப் போகேல்லையே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். அன்று இரவு கட்டுரையை எடுத்துப் படித்தால் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. நான்கு மாதம் அங்கே இருந்தும், காலையில் மகளும் மருமகனும் எழுந்து காரைச் சுற்றியிருந்த பனியை வெட்டி எடுத்ததை நான் காபிக் கோப்பையோடு உள்ளே நின்றுதான் பார்த்திருக்கிறேன். என் கட்டுரையில் இருந்தது குளிரே கிடையாது. ஹீட்டர் ஓடுகிற ஒரு வீட்டின் ஜன்னல்.

அதற்குப் பிறகு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. குளிரைப் பற்றி எதைப் படித்தாலும், இதில் யாராவது வேலைக்குப் போகிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். விமர்சன அளவுகோலாக இது கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். இருந்தாலும் சில பிரதிகளை இது வேறு மாதிரி திறந்து காட்டியது.

முதலில் 'நெடுநல்வாடை'. நக்கீரர் பாடிய 188 அடிகள், பத்துப்பாட்டில் ஒன்று. கல்லூரியில் இதை அரண்மனைப் பாட்டாகத்தான் எங்களுக்கு நடத்தினார்கள். அரசியின் கட்டில், தந்தத்தால் செய்த கால், சுவரோவியம், பிரிவுத் துயர். அகமா புறமா என்ற பழைய வழக்கைப் பரீட்சைக்கு எழுதினோம். நண்பரின் கேள்வியோடு படித்தபோது அதுவரை கண்ணில் படாத ஆட்கள் பட்டார்கள். பாட்டு தொடங்குவதே மாட்டுக்காரர்களோடு. பள்ளத்தில் வெள்ளம் ஏறிவிட்டதால் மந்தையை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த கோவலர்கள், ஊரைவிட்டு வந்த வருத்தத்தோடு நனைந்து நிற்கிறார்கள். மாலையிலிருந்து சொட்டுகிற நீர் உடம்பில் படுகிறது. நெருப்பில் கையைக் காய்ச்சிக்கொள்கிறார்கள், அப்படியும் கன்னம் அடித்துக்கொண்டு நடுங்குகிறது. ஆடு மாடு மேய்ச்சலை மறக்கிறது, குரங்கு குறுகிப்போகிறது, பறவை கிளையில் தங்காமல் விழுகிறது. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. இந்தக் கடைசி விவரத்தை மாட்டோடு இருந்த ஒருத்தர்தான் கவனித்திருக்க முடியும், அல்லது அப்படி ஒருவரிடம் கேட்டறிந்த கவிஞர்.

அப்புறம் ஊருக்குள் வருகிறது பாட்டு. வெயில் காலத்து விசிறி தொங்கிக் கிடக்கிறது, சந்தனம் அரைக்கிற கல் சும்மா கிடக்கிறது, குளிர்ந்த நீரைத் தொட ஆளில்லை. ஆடல் மகளிர் குளிரில் இறுகிப்போன யாழ் நரம்பைத் தங்கள் உடம்புச் சூட்டில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். இதையும் நான் மாணவனாக இருந்தபோது சிருங்கார வர்ணனை என்று நினைத்திருந்தேன். அது ஒரு தொழில்காரரின் கைப்பழக்கம். கருவி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. முடிவில் அரசன்: நடு இரவில், தூறலில், பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். மேலாடை நழுவுகிறது, ஒரு கை இளைஞன் ஒருவனின் தோளில். வாடைக்காற்றில் விளக்குச் சுடர் தெற்கே சாய்கிறது. சேற்றுத் தெருவில் குதிரைகள் உடம்பை உதறி நீர்த்துளியைத் தெறிக்கின்றன. அவனுக்கும் அன்று இரவு வேலைதான்.

மதுரைப் பக்கத்துக் குளிருக்கு இவ்வளவா என்று ஒருவர் கேட்கலாம். ரொட்டித் தொழிற்சாலை நண்பரே கேட்டார். ஆனால் நம் ஊரில் குளிர் என்பது டிகிரி சம்பந்தப்பட்டது குறைவு, ஈரம் சம்பந்தப்பட்டது அதிகம். நனைந்த துணியோடு திறந்த வெளியில் ஒரு இரவு நிற்கிறவனுக்கு 18 டிகிரி போதும். 'பனித்தல்' என்ற வினைக்குப் பழந்தமிழில் நடுங்குதல் என்றே பொருள் உண்டு. கண்ணீரும் பனிதான். வானத்திலிருந்து விழுவதற்கும் உடம்பு செய்வதற்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழியில், பின்னால் வந்தவர்கள் உடம்பை விட்டுவிட்டு விழுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திருப்பாவையிலும் தலையில் பனி விழ வெளியே நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், உள்ளே ஒருத்தி தூங்குகிறாள், அவளை எழுப்பத்தான் பாட்டே. நம் காலத்து மார்கழி எழுத்தோ அந்த வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கோலம், பூசணிப்பூ, வெண்பொங்கல், கச்சேரி, சபா கேண்டீன். எனக்கும் அந்த ரவா தோசை பிடிக்கும். குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நாலு மணிக்கே பூசணிப்பூ பறித்துக் கூடையில் கொண்டுவந்தவர் யார் என்று அந்த எழுத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் நிஜமான குளிர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் படம் வருடா வருடம் செய்தித்தாளில் வரும். அதே உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிப்போவது உள்பக்கத்தில் சிறிய செய்தி. சுற்றுலாப் பயணிகள் அந்தப் புல்லின் மேல் நின்று படம் எடுக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் அதே காலையில் மலைச்சரிவில் நிற்கிறார்கள். அந்த மலைச்சரிவுக்கு இலக்கியம் இருக்கிறது. பி.எச். டேனியல் என்ற தோட்ட மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக வந்தது. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை என்பதால் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். திருநெல்வேலி வெயிலில் பிறந்து வளர்ந்த கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக் குளிருக்கு ஏற்றிச் செல்லப்படுகிறார்கள். அங்கே மழை, அட்டை, காய்ச்சல். ரசிக்க ஒரு கணம்கூட அந்தக் குளிர் அவர்களுக்கு இடம் தருவதில்லை. தோட்ட வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும், தொழிலாளிக்குக் கொடுத்த கம்பளியின் விலைகூட அவர் கணக்கில் கடனாக ஏறும். குளிரே ஒரு கடனாக மாறுகிற இடம் அது. நாம் இந்த நாவலைத் தோட்டத் தொழிலாளர் இலக்கியம் என்று சரியாகத்தான் வகைப்படுத்துகிறோம். ஆனால் தமிழில் குளிரைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் (நானும் ஏறியிருக்கிறேன்) இதன் பெயரைச் சொல்வதில்லை.

புலம்பெயர் எழுத்துக்கு வருகிறேன். இங்கே என் கருத்து சில நண்பர்களைச் சங்கடப்படுத்தும்.

இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த 'பனியும் பனையும்' 1994இல் வந்தது. ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு உலகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தத் தலைப்பு அபாரமானது. அதன் பிறகு பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை என்ற பேச்சு வலுத்தது. இதற்கு இலக்கணத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கும் உரியதாகச் சொல்கிறது. பாலை என்பது பிரிவு, பொருள் தேடிப் போகிறவனின் பாதை. ஆனால் சங்கப் பாட்டில் வாடையும் பனியும் வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பவள் பேசுகிறாள். போனவன் எந்தக் குளிரில் நிற்கிறான் என்று நமக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டாயிரம் வருடம் கழித்து, போனவர்களே பேசத் தொடங்கிய எழுத்து என்று புலம்பெயர் இலக்கியத்தைச் சொல்லலாம். பொருள் தேடி மட்டும் போகவில்லை, உயிர் தப்பிப் போனார்கள் என்பது இந்தப் பாலைக்குப் புதிது.

என் குறை இதுதான். இந்த எழுத்தில் பனி மிக விரைவாகக் குறியீடு ஆகிவிட்டது. வெள்ளை என்றால் வெறுமை, பனி என்றால் அந்நியம், உறைந்த ஏரி என்றால் உறைந்த மனசு. எதிரே எப்போதும் ஒரு பனங்கூடல், ஒரு வெயில், ஒரு கிணற்றடி. பத்துக் கவிதை படித்தால் பதினோராவதை நாமே எழுதிவிடலாம். என் ஜன்னல் கட்டுரை அழகில் ஒளிந்துகொண்டது போல, இந்தக் கவிதைகள் துயரத்தில் ஒளிந்துகொள்கின்றன. இரண்டிலும் பனியைத் தொட்ட கை இல்லை. வாகனம் போவதற்காகத் தெருவில் கொட்டும் உப்பு சப்பாத்துத் தோலில் வெள்ளைக் கோடாகப் படிவது, மாலை 4.45க்கெல்லாம் இருட்டிவிடுவதால் இரவு வேலைக்காரர் வாரக்கணக்கில் வெயிலையே காணாமல் இருப்பது, வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் கசிவது, வாசலைச் சுத்தம் செய்து முடித்த நிமிடத்தில் நகரசபை வண்டி வந்து தெருப்பனியை அள்ளி அதே வாசலில் குவித்துவிட்டுப் போவது... நண்பர் எனக்குச் சொன்ன இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கவிதைக்குப் போதும்.

விதிவிலக்கு உண்டு. டொரொண்டோவில் வாழ்ந்து 2015இல் மறைந்த கவிஞர் திருமாவளவனின் முதல் தொகுப்பின் பெயர் 'பனிவயல் உழவு'. இந்தப் பெயரில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். ஈழத்து வயலிலிருந்து வந்தவன் விதைக்க முடியாத வெள்ளை வயலில் நிற்கிறான் என்று முதலில் தோன்றும், அது குறியீடுதான். ஆனால் கனடாவில் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் பெயரே ஸ்னோ ப்ளவ், அதாவது பனிக்கலப்பை. அங்கே குளிர்காலம் முழுக்க நிஜமாகவே தெருவை உழுகிறார்கள். கவிஞர் இதை நினைத்து வைத்தாரோ இல்லையோ, அந்தப் பெயர் ஏக்கத்திலும் நிற்கிறது, கூலி வேலையிலும் நிற்கிறது. வெறுமை என்று சொல்லி நகர்ந்துவிடாமல் 'உழவு' என்று ஒரு வேலையைச் சொன்னதுதான் அதன் பலம்.

சரி, அப்படியானால் குளிரை ரசிக்கவே கூடாதா? இந்த இடத்தில் என் அளவுகோல் முறிகிறது. முறித்தவள் பேத்தி. மைனஸ் பன்னிரண்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வீட்டு வாசலில் பனியில் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் விரித்து அசைத்து ஒரு தேவதை உருவம் செய்தாள். "தாத்தா, நீங்களும் வாங்க!" நான் போகவில்லை. அவளுக்கு அது அந்நியமும் இல்லை, குறியீடும் இல்லை, ஊர். போன டிசம்பரில் சென்னைக்கு வந்திருந்தபோது, நாங்கள் எல்லாரும் போர்த்திக்கொண்டிருக்க அவள் மட்டும் ஏசி போடச் சொன்னாள். அவள் தலைமுறை தமிழில் எழுதினால் (எழுதுமா என்பது தனிக் கவலை) அந்தப் பனி எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. அதில் பனை இருக்காது என்பது மட்டும் நிச்சயம். அதை நாம் இழப்பு என்று விமர்சனம் எழுதாமல் இருக்க வேண்டும்.

பழைய கட்டுரையை அடுத்த தொகுப்பில் சேர்ப்பதா என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருத்தி எழுதலாமே என்றார். திருத்துவதற்கு அந்த ஜன்னலைத் திறந்துகொண்டு நான் வெளியே போயிருக்க வேண்டும்.

போன வாரம் விடிகாலை நண்பர் கூப்பிட்டார். எனக்கு ஐந்தரை மணி, அவருக்கு முதல் நாள் மாலை ஏழு. அங்கே மைனஸ் பதினைந்தாம், காற்றோடு சேர்ந்தால் இன்னும் கீழேயாம். வீடியோவில் என் மங்கி கேப்பைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் சிரித்தார்.

"என்ன அண்ணை, சென்னையில ஸ்னோவோ?"

"பனி தம்பி. உடம்புக்கு ஆகாது."

நெடுநல்வாடையில் வரும் மாட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கன்றை உதைக்கிற பசு வந்ததும் நிறுத்தினார்.

"அதை எழுத்தில அனுப்பிவிடுங்கோ. உரையோட. இடைவேளையில வாசிக்கலாம். எங்களோட ஒரு பெடியன் இருக்கிறான், கிளிநொச்சிப் பக்கம், மாடு வச்சிருந்தவை. அவனுக்கும் காட்டவேணும்."

பிறகு, சப்பாத்து மாட்ட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.