இந்தப் புத்தகத்துக்கு எப்படித் தெரியும்?

ஐந்து கேலன் பீருக்கு முக்கால் கப் சோளச் சர்க்கரை. வீட்டில் பீர் செய்யக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு இந்த அளவு மனப்பாடம். நொதித்து முடிந்த பீரில் இதைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். பீருக்கு நுரை வரும். ஆனால் கப் என்பது கொள்ளளவு. அழுத்தி அள்ளினால் ஒரு எடை, உதிரியாக அள்ளினால் இன்னொரு எடை. மாவுபோல் இருக்கும் சோளச் சர்க்கரைக்குப் பதிலாக வீட்டிலிருக்கும் வெள்ளைச் சர்க்கரையை அள்ளினால் கணக்கு மேலும் மாறும். பீர் முழுதாக நொதித்து முடியாமலும் இருந்துவிட்டால், அலமாரிக்குள் பாட்டில் வெடிக்கும். புத்தகத்தில் போட்டிருந்தபடிதான் செய்தேன் என்பார் செய்தவர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

பீர்ப் பிரியர்களுக்கும் வீட்டில் பீர் செய்பவர்களுக்கும் எழுதப்பட்ட இந்த வகைப் புத்தகங்களை நான் வெகுகாலமாக விரும்பிப் படிக்கிறேன். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே எனக்கு இவை அடுப்படிக்குக் கொண்டுபோகும் புத்தகங்கள் கிடையாது. ஒரு கைத்தொழிலை எழுத்தில் இறக்குவது எப்படி என்று பார்க்கும் புத்தகங்கள். அந்த விதத்தில் இவற்றின் சாதனை பெரிது. ஆலைக்குள் பூட்டிக் கிடந்த ஓர் அறிவைச் சாதாரண மனிதரின் சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவை இவை. இவற்றின் குறையும் சிறியதில்லை: சொல்வதைத் தமக்கு எப்படித் தெரியும் என்று பெரும்பாலானவை சொல்வதில்லை. நல்ல பீர்ப் புத்தகத்தையும் சுமாரானதையும் பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டும் என்ற விதியை நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963இல் நீக்கினார். அதே ஆண்டில் சி. ஜே. ஜே. பெர்ரியின் வீட்டு பீர்க் கையேடு வெளிவந்தது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்குக் கிடைத்த அனுமதி வீட்டு பீருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வரவேண்டியிருந்தது: ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ கூடுதலாகவோ இருந்தால் 200. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை தங்கள் எல்லைக்குள் அதையும் அனுமதிக்கவில்லை. இந்தப் பின்னணியில்தான் சார்லி பப்பாசியனின் ‘தி கம்ப்ளீட் ஜாய் ஆஃப் ஹோம்புரூயிங்’ 1984இல் வந்தது.

பப்பாசியன் அணுப்பொறியியல் படித்துவிட்டுக் கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலை நேரங்களில் பீர் செய்யச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் புத்தகத்தில் கேட்பது வகுப்பறைக் குரல். பயப்படாதே, கவலைப்படாதே, முதலில் நீ செய்த பீரில் ஒரு குவளை குடி என்று திரும்பத் திரும்பத் தேற்றும் குரல். எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுத்தர அவர் முயலவில்லை. தகர டப்பாவில் வரும் மால்ட் பாகை வெந்நீரில் கரைத்துத் தொடங்கு. கை பழகியபின் முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, நீயே ஊறவைத்து இனிப்பு நீர் இறக்கு. படிப்படியான இந்த ஏற்பாடு ஆசிரியர் ஒருவருக்குத்தான் தோன்றும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் இருந்த பீர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவு. இன்று 9,000க்கும் மேல். அந்தப் பெருக்கத்துக்கு வரி, சட்டம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஆலைகளைத் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் வீட்டு அடுப்பில் கற்றவர்கள். சியரா நெவாடா ஆலையை நிறுவிய கென் கிராஸ்மன் அதற்குமுன் வீட்டு பீருக்கான சாமான் கடை நடத்தியவர்.

தைரியம் கொடுத்த அந்தக் குரலேதான் அளவுகளைத் தளரவும் விட்டது. முக்கால் கப் சர்க்கரை அந்தத் தளர்ச்சியின் பிள்ளை. கவலைப்படாதே என்பது முதல் பானைக்கு நல்ல மருந்து. இருபதாவது பானையில் ஏன் புளிப்பு ஏறியது என்று தேடும்போது அதில் விடை இருக்காது.

விடை தேடுபவர்கள் அடுத்துப் போய்ச்சேரும் இடம் ஜான் பாமரின் ‘ஹவ் டு புரூ’. பாமர் உலோகவியலாளர்; ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்ல முயல்பவர். அவரிடம் நான் மிகவும் மதிப்பது அவர் தவறிய ஓர் இடத்தை. முதல் வாரம் நொதித்ததும் பீரை அடிவண்டலிலிருந்து பிரித்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்று வீட்டு பீர்ப் புத்தகங்கள் நீண்டகாலம் சொல்லிவந்தன. அவருடைய ஆரம்பப் பதிப்பும் சொன்னது. செத்த ஈஸ்ட் சிதைந்து பீரில் கெட்ட வாடை ஏற்றிவிடும் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் அது ஆலையில் கண்டறிந்த உண்மை. பல மீட்டர் உயரத் தொட்டியின் அடியில், மேலிருக்கும் பீரின் பாரமும் உள்ளே தேங்கும் சூடும் ஈஸ்ட்டை நசுக்கும் இடத்தில் நடப்பது. இருபது லிட்டர் வாளியில் அந்தப் பாரமும் இல்லை, அந்தச் சூடும் இல்லை. மாற்றி ஊற்றும்போது காற்றுப்பட்டு பீர் கெடும் அபாயம்தான் மிச்சம். பாமர் பின்னாளில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பெரும்பாலான பீருக்கு மாற்றி ஊற்றத் தேவையில்லை என்று தன் அறிவுரையைத் திருத்திக்கொண்டார். காரணத்தோடு எழுதியவருக்குத் திருத்த முடிந்தது. காரணம் எங்கே பொருந்தாமல் போனது என்று அவராலேயே சுட்டிக்காட்ட முடிந்தது. வெறும் விதியாகப் படியெடுத்து எழுதியவர்களுக்கு அந்த வழி இல்லை; அவர்களுடைய பழைய பிரதிகள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் மாற்றி ஊற்றச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் புத்தகங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு பாராட்டைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் வீட்டு மது என்றதும் மனத்தில் எழுவது மெத்தனால் சாவுகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால். தானியத்தை நொதிக்கவைக்கும்போது மெத்தனால் ஆபத்தான அளவில் உருவாவதில்லை. நொதிக்கவைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு; வீட்டில் முன்னதற்கு அனுமதி தந்த பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னதற்குத் தரவில்லை. நல்ல புத்தகங்கள் இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டுவிட்டே உள்ளே நுழைகின்றன. பாத்திரச் சுத்தத்துக்கு அவை ஒதுக்கும் பக்கங்கள் சலிப்பூட்டினாலும் தேவையானவை.

சலிப்பூட்டி, தேவையும் இல்லாத ஒன்று கேலன் குழப்பம். அமெரிக்க ஐந்து கேலன் சுமார் 19 லிட்டர். பிரிட்டிஷ் ஐந்து கேலன் கிட்டத்தட்ட 23. ஒரு நாட்டுப் புத்தகத்தை மறுநாட்டுப் பாத்திரத்தில் செய்தால் பீரின் கெட்டி ஐந்தில் ஒரு பங்கு ஏறும் அல்லது இறங்கும். பக்கத்திலேயே லிட்டர் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

பிரிட்டனில் இரண்டு புத்தகங்கள் ஒரே காலகட்டத்தில் வந்தன. டேவ் லைன் 1978இல் கடையில் விற்கும் புகழ்பெற்ற பீர்களை வீட்டிலேயே செய்வதற்கான குறிப்புகளைத் தொகுத்தார். வீட்டு பீர் என்றால் டப்பாப் பாகும் கிலோக்கணக்கில் சர்க்கரையும் என்றிருந்த காலத்தில், தானியத்திலிருந்தே தொடங்கலாம் என்று காட்டியவர் அவர். அந்தப் பெருமை அவரிடமிருந்து போகாது. ஆனால் அந்தக் குறிப்புகள் நாவை வைத்து ஊகித்தவை. இனிப்புக்காகச் சாக்கரின் மாத்திரை போடச் சொல்லும் இடங்களும் உண்டு. எந்த ஆலையில் அப்படிச் செய்திருப்பார்கள்? டர்டன் பார்க் பீர் வட்டம் என்ற சிறு குழு 1976இல் வெளியிட்ட மெலிந்த கையேடு வேறு வழியில் போயிற்று. பழைய ஆலைகளின் பதிவேடுகளைத் தேடிப் பிடித்து, அதில் எழுதியிருந்த மால்ட்டையும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவையும் வீட்டு அளவுக்குச் சுருக்கித் தந்தது. அச்சு எளிமை, படம் குறைவு, விற்பனையும் லைனுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் ஒவ்வொரு குறிப்பும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது.

குடிப்பவர்களுக்கான புத்தகங்களில் முதலிடம் மைக்கேல் ஜாக்சனுக்கு. பாடகர் அல்லர், யார்க்‌ஷயரிலிருந்து வந்த பத்திரிகையாளர். அவருடைய ‘தி வேர்ல்ட் கைட் டு பீர்’ 1977இல் வந்தபோது, ஒயினைப் பற்றி எழுதும் கவனத்தோடு பீரைப் பற்றியும் எழுத முடியும் என்று காட்டியது. பெல்ஜியத்தின் கிராமத்து பீர்களை அவர் எழுதியதால் அவற்றுக்கு வெளியூரில் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். சொல்லிப் புரியவைக்கும் வசதிக்காக அவர் பீர்களை வகைபிரித்தார். வசதிக்காகப் போட்ட அந்த வேலி பிற்பாடு சட்டமாகிவிட்டது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர்ப் போட்டி நடுவர் அமைப்பு ஒவ்வொரு வகைக்கும் நிறம், கசப்பு, வலிமை ஆகியவற்றுக்கு எண்ணெல்லைகள் விதித்தது. ‘மைல்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வகைப்பட்டியலில் அது கறுத்த, வலிமை குறைந்த பீர். பழைய இங்கிலாந்தில் அது முதிரவிடாத புதுபீர் என்று மட்டுமே பொருள்பட்டது. வெளிறியதும் இருந்தது, வலியதும் இருந்தது. ஒரு காலத்தின் புகைப்படத்தை எல்லாக் காலத்துக்கும் ஜாதகமாக எழுதிவைத்ததுபோல் ஆயிற்று.

ரே டேனியல்ஸின் ‘டிசைனிங் கிரேட் பீர்ஸ்’ (1996) இங்கே சுவாரசியமான நடுநிலை. அமெரிக்காவின் தேசிய வீட்டு பீர்ப் போட்டியில் இரண்டாம் சுற்றுவரை வந்த பீர்களின் குறிப்புகளை எண்ணிப் பார்த்து, எந்த மால்ட் எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டார். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அது. ஆனால் நடுவர்களுக்குப் பிடித்ததே அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிடும் சுழலும் அதிலேயே இருக்கிறது.

வரலாறு சொல்லும்போது இந்தப் புத்தகங்கள் பெருமளவு சறுக்குகின்றன. நம்மோடு தொடர்புள்ள ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற பீரின் கதையே சாட்சி. சாதாரண பீர் கப்பலில் கெட்டுப்போனதாம். ஹாட்சன் என்பவர் இந்தியாவுக்கென்றே வலிமையும் ஹாப்ஸும் கூட்டி ஒரு புதுபீர் கண்டுபிடித்தாராம். எத்தனை புத்தகங்களில் இதைப் படித்திருப்பேன்! பீர் வரலாற்றாளர் மார்ட்டின் கார்னெல் பழைய விளம்பரங்களையும் ஆவணங்களையும் புரட்டிப் பார்த்தார். ஹாட்சன் எதையும் கண்டுபிடித்ததற்குச் சான்றே இல்லை. கறுத்த போர்ட்டர் பீரும் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பம்பாய்க்கும் நன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தியாவுக்கு வந்த பேல் ஏல் அந்தக் கால அளவில் வலிமையானதும் இல்லை. ஹாட்சனின் ஆலை கிழக்கிந்தியக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், லண்டனின் போ பகுதியில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். விஷயம் அவ்வளவுதான். கண்டுபிடிப்பாளரின் கதையில் இருக்கும் மினுக்கம் கடன் கணக்கில் இல்லை, ஆகவே கதை ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொண்டே போயிற்று. 1,100க்கும் மேற்பட்ட பதிவுகளோடு 2011இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பீர்க் களஞ்சியமும் இப்படிச் சரிபார்க்காத கதைகளுக்காகக் கண்டனத்துக்கு உள்ளானது.

கதைகளை விடவும் என்னை உறுத்துவது விட்டுப்போனவர்கள். பதினான்காம் நூற்றாண்டுவரை இங்கிலாந்தில் ஏல் செய்து விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும், லாபம் பெருகப் பெருக அது ஆண்கள் கைக்குப் போனதையும் வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் ஊர்ப் பதிவேடுகளிலிருந்து எழுதிக்காட்டினார். பீர்ப் பிரியர்களின் புத்தகங்களோ மடாலயத் துறவியில் தொடங்கி ஆலை முதலாளிக்குத் தாவிவிடும். தென்னாப்பிரிக்கப் பெண்கள் சோளத்தில் செய்யும் உம்கொம்போத்தி, ஜார்க்கண்டின் அரிசி ஹண்டியா எல்லாம் இவற்றில் அநேகமாக வருவதே இல்லை. வந்தாலும் ‘வினோத பீர்கள்’ என்ற பெட்டிச்செய்தியில் வரும். நின்காசி தேவதையைப் பாடும் சுமேரியப் பாட்டு மட்டும் முன்னுரையில் தவறாமல் இருக்கும்.

சுமேரியாவுக்குப் போகாமலே நம்மிடம் ஒரு செய்முறை இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் பரப்பி ஆற்றுகிறார்கள். நல்லடையைச் சேர்த்து இனிமை பிறக்கப் பிசைகிறார்கள். வலுத்த வாயுள்ள சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. பச்சை வாடை போனபின் வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். இது பனையிலோ தென்னையிலோ இறக்கிய கள் இல்லை. தானியத்திலிருந்து வந்தது, எனவே பீர். கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு இது வெறும் வருணனை. பாமரைப் படித்தபின் ஒவ்வொரு வினையும் தனித்தனியாக எழுந்து நின்றது. களியை ஏன் ஆற்ற வேண்டும்? கொதிசூட்டில் சேர்த்தால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். இனிமை ஏன் முதலில் பிறக்கிறது? மாவு சர்க்கரையான பிறகுதான் ஈஸ்ட்டுக்குத் தீனி. புத்தகங்கள் எனக்குத் தந்த மிகப் பெரிய கொடை இதுதான்.

அவை தந்த கேள்வியும் ஒன்று உண்டு. நல்லடை என்பது என்ன? நச்சினார்க்கினியர் முளை என்று உரை சொல்கிறார். அப்படியானால் இது முளைகட்டிய தானியத்தின் வழி, பார்லி பீரின் உறவு. ஆனால் புலவர் அதன் மேற்பரப்புக்குச் சொல்லும் உவமை குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு. கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் அது. ஹண்டியாவுக்குச் சேர்க்கும் ரானு வில்லையும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் குடியேறிய அரிசிமாவு அடைதான். அந்தப் பூஞ்சையும் மாவைச் சர்க்கரையாக்கும். பார்லி முளையைவிட நெல்முளைக்கு அந்தத் திறன் குறைவு. நல்லடை பூஞ்சை பூத்த அடையாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உரையாசிரியர் புலவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர் என்றாலும், அவர் ஊரில் நெல்முளை இடித்துப் போடும் வழக்கம் கண்முன் இருந்திருக்கலாம். அவரைத் தள்ளிவிட என்னிடம் ஓர் உவமை மட்டுமே இருக்கிறது.

நெல்லை முளைகட்டி இடித்து அடை தட்டி வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அரிசிமாவு அடை ஒன்றை வைக்கோலில் பொதிந்து நாலு நாள் பூக்கவிடுவதையும் தடுக்கவில்லை. இரண்டையும் செய்து, ஒரு புற்றாஞ்சோற்றுத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐப்பசி மழை விட்டதும் செய்துபார்க்க வேண்டும். வயலோரத்துப் புற்று ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன்.