இசைத்தட்டின் ஒலிநயம்: சீமைப் பதிப்பும் இந்தியப் பதிப்பும்

ஓசை நயம் மிக்க இசைத்தட்டு யாதென வினவின், சீமையில் அச்சாகிய தட்டே என விடையிறுத்தல் இசையார்வலரிடைப் பெருவழக்கு. பிறந்த நாட்டையே தரத்துக்குச் சான்றாகக் கொள்ளும் இக்கருத்து ஆராயத்தக்கது.

இதற்குக் கல்முனைக் கரையோரம் ஏற்ற களமாகும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் விரும்பிக் கேட்டவை நாகூர் இ. எம். ஹனிபாவின் பாடல்கள். அவை அடங்கிய இந்தியத் தட்டும் இலங்கையர்க்குக் கடல் கடந்து வந்ததே. ஆகவே உள்நாடு, வெளிநாடு என்னும் பாகுபாடு இங்குத் தொடக்கத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

தட்டின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியவை ஜெர்மனியிலுள்ள ஹனோவரில் அச்சாகித் திரும்பின. தட்டுக்கு வேண்டிய அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளின் விளைபொருள். 1908இல் சியால்தாவிலும், பின்னர் 1928இல் டம்டமிலும் ஆலைகள் அமைந்தபின், இந்திய இசை இந்தியாவிலேயே அச்சாயிற்று.

ஒலியின் தரத்தை நிறுவுவன மூன்று. முதலாவது, மூலப்பதிவுக்கும் தட்டுக்கும் உள்ள நெருக்கம். நாடாவைப் படியெடுக்குந்தோறும் நுண்மை குறையும். இரண்டாவது, அச்சுத்தகட்டின் தேய்வு. மூன்றாவது, தட்டின் பொருள். அரக்குடன் கற்பொடி கலந்த பழைய தட்டில் இரைச்சல் மிகும். 1948இல் அறிமுகமான வினைல் நெடுந்தட்டில் அது அடங்கும்.

இவ்வளவைகளால் நோக்கின், இலண்டனில் பதிவான மேலைநாட்டு இசைக்கு இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலைத் தட்டு மேம்படுதல் இயல்பே, மூலம் அங்குள்ளது. தமிழகத்துப் பாடகரின் பதிவுக்கோ டம்டம் தட்டே மூலத்துக்கு அணித்தானது. இந்தியத் தட்டுகள் சிலவற்றில் இரைச்சல் மிகுதலும், நடுத்துளை விலகியமையால் நீண்ட சுரம் அலைதலும் உண்மையே. ஆயினும் இரைச்சலின் ஊடே ஹனிபாவின் உச்சக்குரல் கணீரென ஒலிக்குமாயின், அத்தட்டு தன் கடமையைச் செய்ததெனலாம். இரைச்சல் இன்றிக் குரலும் மங்கிய தட்டு, மாசற்ற வெற்றேடு போல்வது.

பயன்பாட்டின் குறையைப் பிறப்பின் குறையாகக் கொள்ளுதலும் தவறு. கடற்கரை மணல் வரிப்பள்ளத்திற் புகுந்து அதனைத் தேய்க்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்றென மாற்றற்குரிய எஃகு ஊசியைப் பன்முறை பயன்படுத்தினும் கேடு நேரும். சாராவி கலந்த நீர்மத்தால் துடைப்பின் அரக்குத் தட்டு கரைந்து கெடும்.

இவ்வாய்வு வெறும் சுவை பற்றியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர இல்லங்கள் பலவற்றை அழித்தது. எஞ்சிய பழந்தட்டுகளைக் கணினியிற் படியெடுப்போர் மேலொட்டிய சீட்டை மட்டும் நோக்கி ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்தலும், இரைச்சலை நீக்கும் ஆர்வத்தால் குரலின் ஒளியையும் நீக்கிவிடுதலும் மீட்க இயலாத இழப்பாகும். பழந்தமிழ் நூலைப் பதிப்பிப்போர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடந்தேர்ந்த நெறியே இங்கும் வேண்டற்பாலது. சீட்டை அடுத்த வழுவழுப்பான வளையத்திற் பொறித்த எண்ணைக் கண்டு, பல படிகளையும் செவியாற் சோதித்துத் தேர்தல் வேண்டும். தட்டின் தரத்துக்குச் செவியே சான்று. பிறந்த ஊர் சான்றன்று.